கூடைப்பந்தாட்டக் குழுவுக்கு ஆள் தேர்தல்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே, நெசவுக்குப் பேர்போன காத்தான்குடியில், ஒரு பாடசாலை முதன்முறையாகக் கூடைப்பந்தாட்டக் குழு அமைக்கப் புகுகின்றது என்று கொள்க. வளையம் நிலத்திலிருந்து 10 அடி உயரம். ஆகவே நெட்டையர் ஐவரைப் பொறுக்கினாற் போதும் என்றே பொறுப்பாசிரியர் முதலில் எண்ணுவார். பிழை அங்கேதான் தொடங்குகின்றது. பந்தை நடுக்களம் தாண்டிக் கொண்டுசெல்பவன் குள்ளனாயினும் கேடில்லை. அவனுக்கு வேண்டியவை விரைந்த காலும், பந்தைப் பாராமலே தட்டும் கையுமாம்.

அதனினும் பெரியது வயதுக் கணக்கு. உயர்தர வகுப்பினரை மட்டும் திரட்டிய குழு ஓராண்டு வெல்லக்கூடும். அவர்கள் பரீட்சை எழுதி வெளியேறியதும் களம் வெறிச்சோடிவிடும். 12 பேரில் நால்வராவது 9ஆம், 10ஆம் தரத்தினராய் இருத்தல் வேண்டும். இன்று தன் காலே தனக்குத் தடுக்கி விழும் 14 வயது நெடும்பையனை, "இவனுக்குக் கைவராது" என்று தள்ளிவிட்டால், மூன்றாண்டின் பின் அத்தகைய ஒருவனை எங்கே தேடுவது? பந்து பிடித்தல் பயிற்சியால் வரும், உயரம் வராது.

அயலிலேயே இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் இலங்கை வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்கு இவ்வாட்டத்தைப் பல்லாண்டுகள் பயிற்றினார். 1990 ஆகஸ்ட் 15இல், வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் அவர் காணாமற்போனார். கல்லூரியின் கூடைப்பந்துப் பெயரோ அவருக்குப் பின்னும் நிலைத்தது. அடுத்தடுத்து வந்த மாணவர் வரிசைகளே அதனைத் தாங்கின.

முதல் மாதம் யார் கூடையில் இட்டான் என்பதைக் குறிக்க வேண்டியதில்லை. தவறி விழுந்த பந்தை நோக்கி யார் முதலில் ஓடினான் என்பதை ஆசிரியர் குறித்துக்கொள்வது நலம்.