இயந்திரம் ஓடினால் போதுமா?

மும்பை முன்பதிவுக் கவுண்டரில் நிற்கும் நம்மவருக்குக் கம்ப்யூட்டர் முக்கியமல்ல. பொங்கலுக்கு ஊர் போக டிக்கெட்தான் முக்கியம். 1985-ல் டில்லியில் தொடங்கிய கம்ப்யூட்டர் முன்பதிவு 1999-ல் நாடெங்கும் இணைந்ததால், நெல்லையிலிருந்து திரும்பும் டிக்கெட்டும் இங்கேயே கிடைக்கிறது.

அந்த ஒரு டிக்கெட்டுக்கு மத்தியக் கம்ப்யூட்டர், லைன், பிரிண்டர் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். இத்தகைய அமைப்பில் கோளாறு வந்தால் ஒவ்வொரு பிரிவும் "எங்கள் பக்கம் சரி" என்று சொல்லிவிடலாம். க்யூ மட்டும் நகராது. வசவு வாங்குபவர் கவுண்டர் குமாஸ்தா!

இதற்கு மருந்துதான் 'சேவை நிர்வாகம்'. 1980-களின் இறுதியில் பிரிட்டிஷ் அரசு இதற்கான வழிமுறைகளைத் தொகுத்தது. இயந்திரம் ஓடுகிறதா என்பதல்ல, டிக்கெட் கைக்கு வந்ததா என்பதே இதில் அளவுகோல். எத்தனை நிமிடத்தில் சரியாகும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் வேலையை ஓடவிட்டு, பிறகு கோளாறின் வேரைத் தேட வேண்டும். பண்டிகைக் காலத்தில் பத்து நிமிடம் போனால் பெர்த்தும் போய்விடும் அல்லவா!