மைக் செட்காரரின் ஓம் கணக்கு

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் என்றால் ரத வீதிகளில் குழாய் ஸ்பீக்கர் கட்டியாக வேண்டும். "ஒயரை இழுத்து மாட்டினா சத்தம் வரப்போகுது, இதுல என்ன படிப்பு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் 200 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். போக வர 400 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்றால் அதுவே 7 ஓம் ஆகிவிடும். ஸ்பீக்கரோ 8 ஓம். ஆக, அனுப்புகிற வாட்ஸில் கிட்டத்தட்ட பாதி ஒயரைச் சூடாக்கவே சரியாய்ப் போகும்!

இதற்குத்தான் 100 வோல்ட் லைன். 1944 முதல் பாபநாசத்தில் எடுக்கிற மின்சாரத்தை வோல்டேஜ் ஏற்றித்தானே அனுப்புகிறார்கள், அதே யுக்தி. ஆம்ப்ளிஃபயரின் 100 வோல்ட் முனையில் எடுத்து, ஒவ்வொரு குழாயிலும் லைன் டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்க வேண்டும். 100 வாட் லோடு என்பது அப்போது 100 ஓம். அதன் முன்னே 7 ஓம் சுண்டைக்காய். குழாய்களின் வாட்ஸைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் 100 வோல்ட் விளையாட்டுச் சாமான் இல்லை. சாரலில் நனைந்த கம்பம், டேப் சுற்றாத ஜாயிண்ட், கீழே வெறுங்காலோடு வடம் பிடிக்கும் ஜனம். யோசித்துப் பாருங்கள். ஜாயிண்ட் கைக்கு எட்டாத உயரத்தில், இன்சுலேஷனோடு இருந்தே தீர வேண்டும்.

இன்னொன்று. சத்தம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் ஓடும். 70 மீட்டர் தள்ளியுள்ள குழாய் 1/5 விநாடி பிந்திக் கேட்கும். அறிவிப்பு இரண்டிரண்டாகக் காதில் விழுவது அதனால்தான். குழாய்களை எதிரும் புதிருமாகக் கட்டாமல் ஒரே திசை பார்க்கக் கட்டினால் தொல்லை குறையும்.