தாளின் வெண்மையைக் காப்பாற்றுதல்

வர்ணப் பென்சில் சித்திரத்தின் வெற்றி தோல்வியில் பாதி, நிறம் தீட்டத் தொடங்குமுன்பே முடிவாகிவிடுகிறது. மெழுகோ எண்ணெயோ கலந்த நிறத்துகள் தாளின் சொரசொரப்பில் ஏறி அமர்கிறது. அந்தச் சொரசொரப்பு நிரம்பிவிட்டால் வேறு நிறம் எளிதில் பிடிக்காது. கடும் நீலத்தின் மேல் வெள்ளைப் பென்சிலைத் தேய்த்தாலும் பழைய வெளிச்சம் திரும்பாது. ஆகவே வெளிச்சத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். வினாயகபுரம் கடற்கரையில் ஏற்றிவைத்த தோணியொன்றை எடுத்துக்கொள்வோம். கடல் கிழக்கே இருப்பதால் காலையில் தோணியின் கடல் பக்கம் ஒளிரும், கரைப் பக்கம் நிழலாகும். மாலையில் அது மாறிவிடும். எனவே நேரத்தைத் தீர்மானிப்பதே முதல் வேலை. அடுத்து அலைநுரை வரும் இடங்களை மெல்லக் குறித்து, தொடாமல் விடவேண்டும். மணலுக்கு அழுத்தமில்லாத வெளிர்மஞ்சள், அதன்மேல் இளம்பழுப்பு. நிழலுக்கு வெறும் கறுப்பைவிட நீலமும் பழுப்பும் அடுக்கினால் ஆழம் கூடும். அழுத்தித் தேய்ப்பது கடைசியில்தான்.

இப்படித் திட்டமிட்டால் கற்பனை முடங்கும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் துண்டுத்தாளில் நிறங்களைப் பரீட்சித்துப் பார்த்த கைதான் சித்திரத்தில் தயங்காமல் ஓடும். விலையுயர்ந்த பென்சில் இல்லையே என்பது இன்னொரு கவலை. 1908இல் ஜெர்மனியின் பாபர்-காஸ்டெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய பாலிக்ரோமோஸ் பென்சில் போன்றவை நெடுநாள் மங்காதவைதான். எனினும் வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்பதை எந்தப் பென்சிலும் தீர்மானித்துத் தராது. நிறங்களை அடுக்கத் தெரிந்த மாணவருக்கு 12 நிறப் பெட்டியே போதும். வகுப்பறையில் முதலில் பழக்க வேண்டியது வெளிச்சத்தை முன்கூட்டியே தீர்மானிக்கும் யோசனையைத்தான்.