தாழப் பறந்த காலம்

கேரள எல்லையை ஒட்டிய எங்கள் புளியறையில் நின்று பார்த்தால் மேற்கே பாதி வானத்தை மலை அடைத்துக்கொண்டிருக்கும். மிச்ச வானத்தில் விமானம் போவது இன்று யாருக்கும் செய்தி இல்லை. ஒரு காலத்தில் அது செய்திதான். நடவு நட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் நிமிர்ந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியாரையும் மீறி வாசலுக்கு ஓடிவரும். அதிலும் விமானம் கொஞ்சம் தாழ வந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு ஊரில் அதே பேச்சு. பனை உயரத்துக்கு வந்தது என்பார் ஒருவர். சனிக்கிழமைக்குள் அது முருங்கை உயரத்துக்கு இறங்கிவிடும்.

தாழ வந்தால்தான் மதிப்பு என்ற நினைப்பு வேடிக்கை பார்த்தவர்களுக்கு மட்டும் இருந்ததில்லை. விமானப்படையில் தரைப்பணி பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் எங்கள் பக்கம் இருக்கிறார். செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் சாயங்காலம் உட்கார்ந்தால், கேரளாவுக்குப் போகும் லாரிகளின் இரைச்சலை மிஞ்சிப் பேசுவார். "அப்பல்லாம் தாழப் பறக்கிறவனுக்குத்தான் மெஸ்ஸுல பேரு. பீட்-அப்னு சொல்லுவோம். ஓடுபாதைக்கு மேல தரையை ஒட்டி வந்து, மூக்கைத் தூக்கிக்கிட்டு மேல போறது. கமாண்டிங் ஆபீசர், அதான் சி.ஓ., கூப்பிட்டு ஏசுவாரு. ஏசும்போதே சிரிப்பாரு. அந்தச் சிரிப்புதான் பயலுக்கு மெடல்" என்பார்.

அந்தச் சிரிப்பு எத்தனை பேரைக் கொன்றது என்பதற்கு உலகத்தில் கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லுமுன் ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். காட்சிப் பறப்பில் விழுந்த விமானி எல்லோரும் அடங்காதவர்கள் இல்லை. 1952 செப்டம்பர் 6-ம் தேதி இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ கண்காட்சியில் ஜான் டெர்ரி ஓட்டிய டி.எச்.110 விமானம் நடுவானில் உடைந்து சிதறியது. இயந்திரம் பறந்துபோய்க் கூட்டத்தில் விழுந்தது. பார்க்க வந்தவர்கள் 29 பேரும், டெர்ரியும், அவருடன் இருந்த டோனி ரிச்சர்ட்ஸும் இறந்தார்கள். உடைந்தது விமானத்தின் கட்டமைப்பு, டெர்ரியின் ஒழுக்கம் அல்ல. ஆனால் அதற்கு அடுத்து நடந்ததைப் பாருங்கள். இடிபாடுகளை ஓடுபாதையிலிருந்து அகற்றிய கையோடு நெவில் டியூக் ஹண்டர் விமானத்தில் ஏறி, அதே கூட்டத்துக்கு முன்னால் தன் காட்சியை நடத்தினார். நிகழ்ச்சி நிற்கவில்லை. அதைத் தைரியம் என்று நாடே மெச்சியது. பிரதமர் சர்ச்சில் டியூக்குக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். அன்றைய மனநிலை அது. உலகப் போர் முடிந்து ஏழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சாவு அவர்களுக்குப் பழகியிருந்தது.

விதி இறுகியது அந்த விபத்துக்குப் பிறகுதான். நேராகப் பறந்தால் கூட்டத்திலிருந்து 230 மீட்டர், திரும்பி வளைந்து வித்தை காட்டினால் 450 மீட்டர், உயரம் 150 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று பிரிட்டனில் வகுத்தார்கள்.

150 மீட்டர் என்பது கேட்பதற்குத் தாராளம். மணிக்கு 700 கிலோமீட்டரில் வரும் ஜெட் ஒரு நொடியில் 190 மீட்டருக்கு மேல் தாண்டிவிடும். மூக்கு கீழே குத்தியிருந்தால், விமானி 'ஐயோ' என்று நினைப்பதற்குள் அந்த உயரம் தீர்ந்துபோகும். எங்கள் ஊருக்கு மேலே எஸ் வளைவில் பாரம் ஏற்றிய லாரி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். அங்கே வளைவுக்குள் போனபிறகு பிரேக்கைத் தேடுகிற டிரைவர் பிழைக்கமாட்டார். வேகத்தை மேலேயே, வளைவு வருமுன்பே குறைத்திருக்க வேண்டும். லூப் அடிக்கும் விமானிக்கும் அப்படித்தான். வட்டத்தின் உச்சியில் இன்ன உயரமும் இன்ன வேகமும் இருந்தால்தான் கீழே இறங்கலாம். இல்லையென்றால் புரண்டு நிமிர்ந்து வெளியே வந்துவிட வேண்டும். 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷோர்ஹம் காட்சியில் பழைய ஹண்டர் விமானம் ஒன்றுக்கு உச்சியில் 3,500 அடி வேண்டியிருந்தது. எட்டியது ஏறக்குறைய 2,700. ஓட்டியவர் ஒரு காலத்தில் விமானப்படையில் இருந்தவர். அவர் பிழைத்தார். நெடுஞ்சாலையில் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் காட்சி பார்க்க வந்தவர்கள்கூட இல்லை, வழியோடு போய்க்கொண்டிருந்தவர்கள்.

அடங்காமையின் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் ஃபேர்சைல்ட் விமானத்தளத்தில் லெப்டினன்ட் கர்னல் ஆர்தர் ஹாலண்ட் என்றொருவர் இருந்தார். எட்டு இயந்திரம் கொண்ட பிரம்மாண்டமான பி-52 குண்டுவீச்சு விமானத்தைச் சிறுவண்டி ஓட்டுவதுபோல ஓட்டுவார். 1991-லிருந்தே காட்சிகளில் விதியை மீறினார். ஒவ்வொரு தடவையும் மேலதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தில் ஒன்றும் ஏறவில்லை. 1994 மார்ச்சில் யாக்கிமா பயிற்சித் திடலில் ஒரு மலைமுகட்டை ஏறத்தாழ மூன்றடி இடைவெளியில் தாண்டினார். படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்து தப்பினார்கள். இதில் வயிறெரிகிற விஷயம், அந்தத் தளத்தில் விமானிகள் விதிப்படி பறக்கிறார்களா என்று சோதிக்கும் பிரிவுக்குத் தலைவரே ஹாலண்ட்தான்.

ஒருவர் வாய் திறந்தார். பி-52 படைப்பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் மார்க் மக்கீஹன். ஹாலண்டைப் பறக்கவிடாதீர்கள் என்று மேலதிகாரி கர்னல் பெல்லரினிடம் கேட்டார். பெல்லரின் ஹாலண்டை வாயால் கண்டித்ததோடு விட்டுவிட்டார். அப்படியென்றால் என் ஆட்கள் யாரும் அவரோடு தனியாகப் போகமாட்டார்கள், போனால் கூடவே நானும் போவேன் என்று முடிவெடுத்தார் மக்கீஹன். சொன்னபடியே ஜூன் 24 அன்று ஏறினார். விமானக் காட்சிக்கான ஒத்திகை அது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சுற்றி ஏறக்குறைய 250 அடி உயரத்தில் ஹாலண்ட் விமானத்தைச் சாய்த்தார். சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, இறக்கை தரையைத் தொட்டது. நான்கு பேரும் போனார்கள். அவர்களில் ஒருவருக்கு அது பணியின் கடைசிப் பறப்பு. வாழ்த்துச் சொல்ல மனைவியும் நண்பர்களும் தளத்தில் காத்திருந்தார்கள். மக்கீஹனின் மனைவி வீட்டுக் கொல்லையில் பிள்ளைகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டு பெல்லரின் கடமை தவறியதாக ராணுவ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தண்டனை 7,500 டாலர் அபராதம்.

இந்தக் கதையைச் சொன்னபோது அண்ணாச்சி கொஞ்சம் நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "கூட ஏறினாருல்லா, அவருதான் ஆபீசர்" என்றார்.

ஐரோப்பாவிலும் இரண்டு பெரிய சாவுகள் விதிகளை எழுத வைத்தன. 1988 ஆகஸ்ட் 28, ஜெர்மனியின் ராம்ஸ்டைன்: இத்தாலியப் படையின் சாகசக் குழு வானத்தில் இதயம் வரைந்து அதை ஒரு விமானம் ஊடுருவும் காட்சி. ஊடுருவ வேண்டிய விமானம் கூட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது, அதுதான் கேடு. மூன்று விமானங்கள் மோதி, விமானிகள் மூவரையும் சேர்த்து 70 பேர் இறந்தார்கள். கூட்டத்தின் முகத்துக்கு நேரே பறந்து வரும் வித்தை அதற்குப் பிறகு பல நாடுகளில் ஒழிந்தது. 2002 ஜூலை 27, உக்ரைனின் லிவிவ்: சுகோய்-27 தாழ வந்து புரண்டு, தரையில் உரசி, மக்களுக்குள் பாய்ந்தது. 77 பேர், அதில் 28 குழந்தைகள். விமானிகள் இருவரும் இருக்கையோடு வெளியே தெறித்துப் பிழைத்தார்கள். அவர்களுக்கு 14 ஆண்டும் 8 ஆண்டும் சிறை. விமானியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்பது டெர்ரியின் காலத்தவர்களுக்கு நினைத்தே பார்க்க முடியாத ஒன்று.

நம் பக்கமும் பட்டியல் சின்னதில்லை. 1989 அக்டோபர் 8, விமானப்படை நாள். டெல்லி பாலம் தளத்தில் மிராஜ்-2000 விமானத்தை விங் கமாண்டர் ரமேஷ் பக்ஷி கீழ்நோக்கி உருட்டிக்கொண்டு இறங்கினார். நிமிர்த்துவதற்கு உயரம் போதவில்லை, எல்லோர் கண்முன்னாலும் இறந்தார். 2010 மார்ச் 3-ல் ஹைதராபாத் பேகம்பேட் கண்காட்சியில் கடற்படையின் சாகர் பவன் குழு விமானம் ஊருக்குள்ளேயே, ஒரு வீட்டின் மேல் விழுந்து விமானிகள் இருவர் இறந்தனர். அந்தக் குழு அதோடு முடிந்தது. 2011 மார்ச் 1-ல் இலங்கை விமானப்படையின் 60-ம் ஆண்டு ஒத்திகையில் இரண்டு கிஃபிர் விமானங்கள் கம்பஹா பக்கம் மோதி ஒரு விமானி இறந்தார். 2019 பிப்ரவரியில் பெங்களூரு எலஹங்காவில் ஒத்திகையின்போது சூர்யகிரண் குழுவின் இரண்டு ஹாக் விமானங்கள் மோதி விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்தார்.

இவர்களை ஹாலண்டோடு சேர்த்து எண்ணுவது பாவம். இன்றைய காட்சி விமானி தன் இஷ்டத்துக்குப் பறப்பவர் இல்லை. எந்த வித்தை, எந்த உயரத்தில், எந்த வரிசையில் என்று முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்குகிறார். முதலில் உயரத்தில் பழகுகிறார், தேறினால்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க அனுமதி. தரையில் ஒருவர் வாக்கிடாக்கியோடு நின்றுகொண்டு, கோட்டைத் தாண்டினால் 'நிறுத்து' என்கிறார். அந்தச் சொல்லுக்கு விமானி கட்டுப்பட்டவர். அன்றைக்கும் இன்றைக்கும் விமானியின் துணிச்சலில் ஒரு குறையும் இல்லை. ஏசிக்கொண்டே சிரித்த சி.ஓ.தான் இல்லாமல் போனார். அந்த இடத்தில் இப்போது சிரிக்காத ஒருவர் நிற்கிறார். என்னைக் கேட்டால், காட்சிப் பறப்பின் நூறாண்டுக் கதையில் பெரிய மாற்றம் இது ஒன்றுதான்.

ஆனாலும் விழுகிறது. 2025 நவம்பர் 21, துபாய் கண்காட்சியின் கடைசி நாள். நம் தேஜஸ் விமானம் தாழ்வான உயரத்தில் ஒரு சுழற்சியிலிருந்து மீளாமல் தரையில் மோதியது. ஓட்டி வந்து இறந்த விங் கமாண்டர் நமன்ஷ் சியால், கோவை சூலூர் தளத்தைச் சேர்ந்தவர். அவர் உடல் முதலில் சூலூருக்குத்தான் வந்தது. அங்கிருந்து இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா மாவட்டத்துச் சொந்த ஊருக்குப் போனது. விசாரணைக் குழு அமைத்தார்கள். துபாயில் அன்றைக்கும் நிகழ்ச்சி நிற்கவில்லை, சற்று நேரத்தில் மற்ற விமானங்கள் பறந்தன. ஆனால் அமெரிக்காவின் எஃப்-16 குழு ஏற மறுத்துவிட்டது. அதன் விமானி மேஜர் டெய்லர் ஹீஸ்டர், இறந்தவருக்கு மரியாதையாகத் தங்கள் காட்சியை ரத்து செய்ததாகவும், நிகழ்ச்சி தொடர்ந்தது தனக்கு அதிர்ச்சி என்றும் வெளிப்படையாக எழுதினார். 1952-ல் ஏறிப் பறந்தவருக்குப் பிரதமரின் கடிதம். 2025-ல் ஏறாமல் நின்றவருக்கு உலகம் முழுக்கப் பாராட்டு.

வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. விமானப்படை நாள் காட்சி நெடுங்காலம் டெல்லியைச் சுற்றியே, பாலத்திலும் பிறகு ஹிண்டனிலும் நடந்தது. 2022-ல்தான் வெளியே வந்தது: சண்டிகர் ஏரி, மறு வருடம் பிரயாக்ராஜ் சங்கமம், 2024-ல் மெரினா, 2025-ல் குவாஹாத்தியில் பிரம்மபுத்திரா. எல்லாம் நீர்நிலை. விழுந்தால் வீட்டின் மேல் விழாது என்பது பெரிய நிம்மதிதான். மெரினாவுக்குச் செங்கோட்டையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் போனார்கள். அக்டோபர் 6, ஞாயிறு, பகல் 11 முதல் 1 மணி வரை. 72 விமானங்கள், சுமார் 15 லட்சம் பேர். வானத்தில் ஒரு கீறல் விழவில்லை. தரையில் ஐந்து பேர் இறந்தார்கள், வெயிலில். உச்சிவேளை, மணல், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல், திரும்பிப் போக ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமில்லாமல். விமானத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று அளந்து பார்த்தவர்கள், கூட்டத்துக்கும் தண்ணீருக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று அளக்கவில்லை. போன பையன்களில் ஒருவன் வேளச்சேரிப் பக்கம் வரை நடந்தே போய்ச் சேர்ந்ததாகச் சொன்னான்.

துபாய் விபத்து நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 3-ல் திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் கடற்படை நாள் காட்சி. புளியறைக்கு இது பக்கத்து ஊர் மாதிரி. ஆரியங்காவு ஏறி, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாகப் போனால் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். இந்தத் தடவை பையன்கள் ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் டீக்கடையில் செல்போனை நீட்டி வீடியோ காட்டினார்கள். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை வாங்கும் முன்னாலேயே கேட்டார்:

"எவ்வளவு தாழ வந்துச்சுலே?"