சாட்சிகள் பார்க்கும் நாடகம்

மாட்டுங்கா முதல் செம்பூர் வரை – 11

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, பம்பாயில் மழை பிடிக்கிற சமயத்தில், புஷ்கர்–காயத்ரி தம்பதியர் எழுதி உருவாக்கிய ‘சுழல்’ என்னும் துப்பறியும் தொடர் அமேசான் பிரைமில் எட்டு அத்தியாயங்களும் ஏககாலத்தில் வெளியாயிற்று. அதைப் பற்றிப் பத்திரிகைகளில் விமரிசனம் எழுதியவர்கள் என்ன சொன்னார்கள் என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். தாராவியின் தென்பகுதியில், மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளில் கால் நீட்ட இடமின்றி உட்கார்ந்து அதே தொடரைப் பார்த்துத் தீர்த்து, பிறகு பல நாள் தெருமுனையில் நின்று வழக்காடிய ரசிகர்களின் அபிப்பிராயத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. இந்த வாரம் அவர்கள் பேச்சுத்தான்.

குற்றக் கதை என்றால் லேபர் கேம்ப்வாசிகளுக்கு ஓர் இயல்பான சந்தேகம் உண்டு. 1949-இல் பம்பாய் ராஜதானியில் மதுவிலக்குச் சட்டம் வந்த பிறகு, தாராவிக்கும் ஆன்டாப் ஹில்லுக்கும் இடையே காய்ச்சப்பட்ட சாராயமும், அதன்மேல் எழுந்த வரதராஜ முதலியாரின் செல்வாக்கும், 1987-இல் ‘நாயகன்’ படத்தில் வந்து சேர்ந்தபோது, அந்தத் தாராவியைச் சென்னை ஸ்டுடியோவில்தான் தோட்டா தரணி நிர்மாணித்தார். 2018-இல் ‘காலா’ வந்தபோதும் தாராவியின் பெரும்பகுதி சென்னைப் புறநகரில் போட்ட செட்டாகவே இருந்தது. ஆகவே தங்கள் சந்து எப்படி இருக்கும் என்று தங்களுக்கே சித்திரம் போட்டுக் காட்டும் மனிதர்களைப் பார்த்துப் பார்த்து, ‘இதில் எது நிஜம், எது அட்டை’ என்று பிரித்தறியும் ஒரு கூர்மை இவர்களுக்குத் தானாகவே வந்துவிட்டது. இவர்கள் ரசனைக்கு அதுவே அஸ்திவாரம் என்பது என் அபிப்பிராயம். கொலையாளி யார் என்று கண்டுபிடிக்கிற சாமர்த்தியத்தை மற்றவர்கள் மெச்சிக்கொள்ளட்டும். இங்கே கவனமெல்லாம் கொலைக்குப் பின் ஜனங்களும் போலீஸும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான்.

தூர்தர்ஷன் காலத்தை நினைவுகூரும் பெரியவர்கள், 1985-இல் பங்கஜ் கபூர் கேரட்டைக் கடித்துக்கொண்டு துப்பறிந்த ‘கரம்சந்த்’தையும், 1993-இல் பாசு சாட்டர்ஜி எடுத்த ‘வ்யோம்கேஷ் பக்ஷி’யையும் இன்னும் பிரியமாகச் சொல்லுகிறார்கள். பின்னதில் வந்த கல்கத்தா வீடுகளும் வேட்டி கட்டிய துப்பறிவாளரும் அவர்களுக்கு அந்நியமாகவே இருந்தும், அந்நியமாக இருந்ததனாலேயே அதில் குற்றம் காணத் தோன்றவில்லை. 1998 ஜனவரியில் சோனியில் ‘சி.ஐ.டி.’ தொடங்கியபோதோ விஷயம் வேறாயிற்று, ஏனெனில் அது பம்பாய்ப் போலீஸ். ஏ.சி.பி. பிரத்யுமன் விரலைச் சுழற்றிச் சந்தேகப்படுவதையும், தயாவை அழைத்துக் கதவை உடைக்கச் சொல்வதையும் லேபர் கேம்ப் வருஷக்கணக்கில் ரசித்தது. ஆனால் ரசித்தது வேடிக்கையாகத்தான். தகரக் கதவுக்கு ஒரு தயா எதற்கு, ஹவல்தாரின் லாட்டி ஒரு தடவை தட்டினால் போதாதா என்று சிரித்துக்கொண்டே பார்த்தார்கள்.

ஹவல்தார் என்றதும் 2018 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘சேக்ரட் கேம்ஸ்’ ஞாபகம் வருகிறது. விக்ரம் சந்திராவின் 2006-ஆம் வருஷத்து நாவலை எடுத்துக்கொண்டு அனுராக் காஷ்யப்பும் விக்ரமாதித்ய மோட்வானியும் இயக்கிய அந்தத் தொடரில், கணேஷ் காய்தொண்டேயாக நவாஸுதீன் சித்திக்கி அடித்த ஆர்ப்பாட்டம் தேசம் முழுவதும் பேசப்பட்டது. லேபர் கேம்ப்பிலே பிறந்து இந்தியும் மராத்தியும் தண்ணீராய்ப் பேசுகிற நம் பிள்ளைகளோ, காட்டேகர் என்ற கான்ஸ்டபிளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஜிதேந்திர ஜோஷி என்ற மராத்தி நடிகர் ஏற்ற பாத்திரம் அது. தெருவில் நின்று அதட்டுகிற அதே மனிதர் வீட்டுக்குள் போனால் தங்களைப் போலவே நெருக்கடியில் சாப்பிட்டுத் தூங்குகிறவர் என்பதைக் காமிரா உள்ளே போய்க் காட்டிற்று. பிறகு அவரைக் கொன்றும் விட்டது. ‘காய்தொண்டே மாதிரி ஆளை நாங்க கேள்விப்பட்டதோட சரி, காட்டேகரைத் தினம் பாக்கிறோம்’ என்றான், குரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன். இதைவிடச் சுருக்கமான விமரிசனத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

2020 ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டு, சந்துகளுக்கு மூங்கில் கட்டி மறித்த அந்த மாதங்களில்தான், கைப்பேசியில் தொடர் பார்க்கும் வழக்கம் இங்கே வேரூன்றியது. ஒரு வீட்டார் சந்தா கட்டுவார்கள். கடவுச்சொல் நாலு வீட்டுக்குப் போகும். ‘சுழல்’ அவ்விதமே வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த இடங்களில் நான் நெருங்கிப் பார்த்தது ஓர் இட்லி வியாபாரியின் வீட்டை. விடியுமுன் சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹார்னை அமுக்கியபடி நகரமெல்லாம் போகிற தாராவி இட்லிக்காரர்களை அறியாத பம்பாய்வாசி இல்லை. அவர்களுக்கு இரவு இரண்டு மணிக்கே பொழுது விடிந்துவிடும். அடுப்பில் கொப்பரை கொதிக்க, சட்னிக்குத் தேங்காய் துருவுகிற மனைவிக்கும், மாவை ஊற்றுகிற அவருக்கும், அவருடைய தம்பிக்கும் பொதுவாக, மசாலா டப்பாவில் சாய்த்து வைத்த கைப்பேசியில் தொடர் ஓடிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்தால் ஆவி வந்து கண்ணாடியில் படியும். முக்கியமான கட்டம் என்றால் மூடியைத் திறப்பதையே தள்ளிப்போட்டதில் அன்றைக்கு ஓர் ஈடு இட்லி கல்லாகிவிட்டது என்று அந்த அம்மாள் குறைப்பட்டுக்கொண்டார்.

கதையை அறியாதவர்களுக்காக: சாம்பலூர் என்ற மலையடிவார ஊரில், வேலைநிறுத்தம் நடக்கிற சிமெண்டு ஆலை ஓரிரவு எரிந்துபோகிறது, சந்தேகம் தொழிற்சங்கத் தலைவர் சண்முகம் மேல் விழுகிறது, அதே இரவில் அவருடைய இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். சண்முகமாகப் பார்த்திபனும், ஊருக்குத் திரும்பி வருகிற மூத்த மகள் நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷும், சப்-இன்ஸ்பெக்டராகக் கதிரும், இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டியும் நடித்திருக்கிறார்கள். முதல் நான்கு அத்தியாயங்களைப் பிரம்மாவும் பின் நான்கை அனுசரணும் இயக்கினார்கள்.

ஆலை எரிகிற காட்சி முடிந்து ஊரெல்லாம் சண்முகத்தைச் சந்தேகிக்கத் தொடங்கிய உடனே, இட்லிக்காரரின் மாமனார், பரேல் பக்கத்து நூற்பாலையில் வேலை பார்த்து 1982 ஜனவரி 18-ஆம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தோடு அந்த வேலையை இழந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ‘யூனியன்காரன் மிஷினைக் கொளுத்துவானாடே? மிஷின் இருந்தாத்தானே அவனுக்குச் சோறு. இன்சூரன்ஸ் யார் பேர்ல இருக்குன்னு முதல்ல கேளு’ என்றாராம். சற்றைக்கெல்லாம் கதையிலும் இன்சூரன்ஸ் விசாரணை தலைகாட்டி, அதற்கென்றே ஒருவர், சந்தான பாரதி, வந்து நின்றதும் வீட்டில் பெரியவருக்கு ஏற்பட்ட மதிப்பைச் சொல்லி முடியாது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கிய அந்த வேலைநிறுத்தம் சம்பிரதாயமாக முடித்துக்கொள்ளப்படவே இல்லை. ஆலைகள் இருந்த இடங்களில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அதைக் கண்ணால் கண்டவருக்குச் சாம்பலூர் ஒரு கற்பனை ஊராகத் தோன்ற நியாயமில்லை. பிந்திய அத்தியாயங்களில் கதை ஆலையை விட்டுக் குடும்பத்துக்குள் போய்விட்டதில் அவருக்கு வருத்தம். எனக்கும் அது ஒரு குறையாகவே பட்டது. ஆனால் வீட்டுக்குள் நடக்கிற கொடுமையைச் சொல்லத்தான் ஆலையைக் கொளுத்தினார்கள் என்று அவருடைய மகள் வாதித்தபோது, அதிலும் நியாயம் இருந்தது.

பெண்களின் வாதம் வேறு திசையில் போயிற்று. அப்பளம் இட்டுக்கொண்டே பேசிய நாலைந்து பேருக்கு ரெஜினாவின் விஷயம் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய மகனுக்கும் இந்த வழக்கில் சம்பந்தம் இருக்கும்போது, அந்த வழக்கை அவளே விசாரிக்க மேலதிகாரிகள் எப்படி விட்டார்கள் என்பது ஒரு கேள்வி. இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது: பெண்ணைக் காணோம் என்று சொன்ன மாத்திரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறாரே, ‘ரெண்டு நாள் பாருங்க, எவன் கூடயாவது போயிருப்பா, தானா வந்துருவா’ என்று ஒரு போலீஸ்காரர்கூடச் சொல்லவில்லையே, இது எந்த ஊர் ஸ்டேஷன் என்று கேட்டார் ஒருவர். கேட்டுவிட்டு அப்பளத்தைத் திருப்பிப் போட்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

மயானக் கொள்ளைதான் நீண்ட விவாதத்துக்கு இடங்கொடுத்தது. தொடரின் கதை அங்காளம்மன் திருவிழாவோடு பின்னிப்பிணைந்து நடக்கிறது. மாசி அமாவாசையில் மேல்மலையனூரில் நடப்பதை விழுப்புரம், வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் தாராவித் தமிழர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். மயானத்துக்குச் சாமி போவதென்றால் அவர்களுக்குச் சுடலைமாடன்தான். கொடையின் நடுநிசியில் சாமியாடி தீப்பந்தத்தோடு வேட்டைக்குப் போவார், மற்றவர்கள் பின்தொடர அஞ்சுவார்கள். ‘இதுல சுடுகாட்டுக்கு ஊரே திரண்டு போகுதே, பயம் வேண்டாமா வே?’ என்று ஒரு நெல்லை அண்ணாச்சி ஆட்சேபிக்க, வேலூர்க்காரர் தம் ஊர் வழக்கத்தை விளக்க, அங்கே சூறையிடுகிற தானியத்தைப் பற்றியும், மாடனுக்குப் போடுகிற படையலைப் பற்றியும் பேச்சு வளர்ந்து, காணாமற்போன நிலாவை அன்று மாலை எல்லோரும் மறந்தே போனார்கள்.

இந்த வாதங்களுக்கெல்லாம் ஓர் இடையூறும் உண்டு. வாரம் ஓர் அத்தியாயம் என்றிருந்த காலத்தில் தெரு முழுவதும் ஒரே கட்டத்தில் நின்று ஊகித்தது. எட்டும் ஒருங்கே வந்தபோது, இரவுப்பணி செய்கிறவன் மூன்றிலும், கல்லூரி மாணவன் எட்டிலும் நின்றார்கள். முடித்தவன் முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்ளலாம் என்று அவனைத் தவிர்த்து வேறு சந்து வழியாகப் போனவர்கள் உண்டு. வாராவாரம் இந்தப் பத்தியை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில், ‘தொடரும்’ போட்டு நிறுத்துகிற பழைய வழக்கத்தின் பக்கமே நான் சாய்கிறேன் என்பதில் சுயநலம் இல்லாமல் இல்லை.

குற்றத்தின் அருகில் வாழ்கிறவர்கள் குற்ற நாடகத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று முறையாகக் கவனித்த ஒருவர் நம்மவர் என்பது பலருக்குத் தெரியாது. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்து சமூகவியல் பேராசிரியரான சுதிர் வெங்கடேஷ், சிகாகோவின் போதைமருந்துக் கும்பல்களோடு பல்லாண்டு பழகி ஆராய்ச்சி செய்தவர். பால்டிமோர் நகரத்தைப் பற்றி, அங்கே பத்திரிகை நிருபராக இருந்த டேவிட் சைமனும், கொலை வழக்குகளைத் துப்பறிந்த முன்னாள் போலீஸ்காரரான எட் பர்ன்ஸும் சேர்ந்து எழுதி, 2002 முதல் 2008 வரை எச்.பி.ஓ.வில் 60 அத்தியாயங்கள் ஓடிய ‘தி வயர்’ தொடரின் கடைசிப் பருவத்தை, அந்தத் தொழிலில் இருந்தவர்களையே கூட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். அவர்கள் அடுத்து என்ன நடக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். எந்தப் போலீஸ்காரன் கை நீட்டுகிறவன் என்று கதாசிரியர் சொல்லாததையும் அடித்துச் சொன்னார்கள். ‘தி வயர்’ ஓடிய காலத்தில் ஒரு எம்மி விருதுகூடப் பெறவில்லை. வாய்வார்த்தையாகப் பரவித்தான் பெயர் பெற்றது. துறைமுகத் தொழிற்சங்கம், பள்ளிக்கூடம், பத்திரிகை என்று பருவத்துக்கொன்றாக ஒரு நகரத்தையே குற்றப்பத்திரிகையில் ஏற்றிய அந்தத் தொடரை நம் மில் பெரியவருக்கு யாராவது தமிழில் சொல்லிக் காட்டினால், அந்தத் துறைமுகப் பருவத்தைப் பற்றி அவர் சொல்லக்கூடியதைக் கேட்க எனக்கு ஆசை.

‘சுழல்’ வந்த அதே ஆண்டு தமிழில் வெளியான மற்ற இரண்டையும் சொல்லிவிட வேண்டும். பிப்ரவரியில் ஜீ5-இல் வெளியான ‘விலங்கு’, திருச்சிப் பக்கத்தில் வேம்பூர் என்ற காவல்நிலையத்தைக் களமாகக் கொண்டது. பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கியது, விமல் சப்-இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனில் எடுபிடி வேலை செய்கிற கிச்சப்பன் என்ற எளிய மனிதராக வந்த ரவி, இன்றைக்கும் ‘விலங்கு’ என்றால் முதலில் நினைவுக்கு வருகிறவர். லேபர் கேம்ப்பில் ஏகமனதாக முதல் மார்க் வாங்கியது இதுதான், நானும் கையெழுத்திடுகிறேன். டிசம்பரில் வந்த ‘வதந்தி’யோ, இறந்துபோன வெலோனி என்ற பெண்ணைப் பற்றி ஊரார் ஆளுக்கொரு கதை கட்டுவதைச் சொல்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்தில் நடக்கும் கதையாதலால் தெற்கத்தியார் ஆவலாக உட்கார்ந்தார்கள். நீளம் என்று பாதியில் எழுந்தவர்கள் அதிகம். எனக்கு அந்த நீளமே பிடித்தது. ஒரு பொய் வளர அவகாசம் வேண்டாமா?

‘சுழல்’ இரண்டாம் பருவம் 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி வந்தது. இம்முறை களம் கடலோரம். செல்லப்பா என்ற வக்கீலின் கொலை. பின்னணியில் அஷ்டகாளி திருவிழா. வேஷம் கட்டிய காளிகளைக் கண்டதுமே குலசேகரப்பட்டினத்துத் தசரா என்று தெற்கத்தியார் அடையாளம் கண்டுகொண்டார்கள். வருஷந்தோறும் லீவு போட்டுவிட்டு முத்தாரம்மனுக்கு வேஷம் கட்டப் போகிறவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். விரதமிருந்து யாசகம் எடுக்காமல் காளி வேஷமா என்று ஒரு குறை எழுந்தது. ஆனால் பெரிய தர்க்கம் அதுவல்ல. எட்டு இளம்பெண்கள் தனித்தனியே, ‘நானே கொன்றேன்’ என்று ஒப்புக்கொள்கிறார்கள் அல்லவா? அதைத்தான் டீக்கடையில் ‘கட்டிங்’ ஆறுகிற வரையில் விவாதித்தார்கள். இளைஞர்கள் அது எவ்வளவு நூதனமான கற்பனை என்று வியந்தார்கள். கோர்ட்டு வாசலில் பல வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்ற ஒருவர் மட்டும் சம்மதிக்கவில்லை. ‘எட்டுப் பேரும் ஒத்துக்கிட்டா எட்டு வாக்குமூலம், எட்டு மெடிக்கல், எட்டு ரிமாண்ட். எந்த ஹவல்தார் அத்தனையும் எழுதுவான்? முதல் பிள்ளையை வச்சுக்கிட்டு மத்த ஏழு பேரையும் வீட்டுக்கு விரட்டியிருப்பான்’ என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கடைக்காரர் மாத்திரம், ஏழு பேரிடமும் தலைக்கு இவ்வளவு என்று வாங்காமலா விரட்டுவான் என்று கேட்டார்.