எல்லையில்லாக் கடலும் எல்லையுள்ள கணினியும்

நீர்மூழ்கிக் கப்பலின்மீது மோதும் ஒலியலை நாற்புறமும் சிதறுகிறது. அச்சிதறலே கப்பலைக் காட்டிக்கொடுக்கிறது. அதனை முன்கூட்டியே அறியக் கடல்நீரைச் சிறு கட்டங்களாகப் பகுத்துக் கணினியில் கணக்கிடுவர். கடல்நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். எனவே 1500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1 மீட்டர். ஓர் அலைநீளத்துக்குப் பத்துப் புள்ளிகள் எனக் கொண்டால், 100 மீட்டர் பக்கமுள்ள கனசதுர நீருக்கே 100 கோடிப் புள்ளிகள் வேண்டும். கடலோ பரந்தது. கணக்கை எங்கேனும் நிறுத்தியாக வேண்டும்.

சிக்கல் அங்கேதான் எழுகிறது. நிறுத்திய இடம் சுவராகி அலையைத் திருப்பியனுப்பும். கடலில் இல்லாத எதிரொலி விடையில் புகும். அதை நம்பிக் கப்பலை வடிவமைத்தல் ஆபத்தன்றோ!

சிதறிய அலை வெளிநோக்கியே செல்லும் என்பதை 1912இல் ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்டு கணித நிபந்தனையாக வகுத்தார். ஆயினும் அது முடிவிலியில் பொருந்தும் நிபந்தனை. அருகில் வரையும் எல்லைக்கு அப்படியே பொருந்தாது.

1994இல் பிரான்சு நாட்டின் பெராஞ்சே, மின்காந்த அலைகளுக்காக வேறொரு வழி கண்டார். பின்னர் அது ஒலியலைகளுக்கும் பயன்பட்டது. கணக்கிடும் பகுதியைச் சுற்றி, அலையை உள்வாங்கித் தேய்க்கும் கற்பனைப் படலம் ஒன்றை அமைப்பதே அவ்வழி. ஒலிப்பதிவுக் கூடத்துச் சுவரின் பஞ்சு சிறிதேனும் எதிரொலிக்கும். இப்படலமோ, கொள்கையளவில், அலை எக்கோணத்தில் நுழைந்தாலும் எதிரொலிக்காது. கட்டங்களாகப் பகுக்கும்போது மட்டும் சிறு எதிரொலி எஞ்சும். படலத்தின் தடிமனைக் கூட்டினால் அது குறையும். கணக்கிடும் நேரமோ கூடும்.