டேன் (சொல்)

டேன் என்பது தோல் பதனிடுதலைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல் ஆகும். ஒரு மரத்தின் பட்டையைக் குறித்த பெயரிலிருந்து தோன்றி, பின்னர் தொழில், நிறம், வெயிலில் கறுத்த மேனி, அடி உதை எனப் பல பொருள்களை இச்சொல் பெற்றது. தமிழ்நாட்டில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ள தோல் தொழிற் பகுதியில் டேனரி, டேனர், டேனிங் ஆகிய வடிவங்களில் இது பேச்சுத் தமிழிலும் கலந்துள்ளது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் 'டேனரி' என்பதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

கணிதத்தில் தொடுகோட்டு விகிதத்தைக் குறிக்கும் 'டேன்' இதனோடு தொடர்பற்றது. அது 'தொடு' எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்த டேன்ஜென்ட் என்பதன் சுருக்கம்.

சொற்பிறப்பு

இடைக்கால இலத்தீனில் டன்னும் என்ற சொல் இடித்துப் பொடியாக்கிய ஓக் மரப்பட்டையைக் குறித்தது. இது கெல்திய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. பிரெத்தோன் மொழியில் ஓக் மரத்துக்கு இன்றும் 'டன்' என்று பெயர். பட்டையின் பெயரிலிருந்து 'பட்டையிடு' என்ற பொருளில் டன்னாரே என்ற வினை உருவாகி, பழைய ஆங்கிலக் காலத்தின் இறுதியில் அம்மொழிக்குள் புகுந்தது. எனவே தொடக்கத்தில் 'டேன் செய்தல்' என்றால் தோலைப் பட்டைச் சாற்றில் ஊறவைத்தல் என்று மட்டுமே பொருள். பட்டை இல்லையேல் டேன் இல்லை.

படிகாரமும் உப்பும் இட்டு வெண்ணிறத் தோல் செய்யும் முறைக்கு ஆங்கிலத்தில் வேறொரு சொல் வழங்கியது. அது 'டா' என்பது. இதன் மூல வடிவமான டாவியன் என்பதற்கு 'ஆயத்தம் செய்', 'பக்குவப்படுத்து' என்பது பொருள். இவ்விரு வேலைகளையும் செய்தோர் இடைக்கால இங்கிலாந்தில் தனித்தனிக் கைவினைஞர்களாகக் கருதப்பட்டனர். 'டா' பின்னாளில் தொழில் நூல்களுக்குள் ஒடுங்கிவிட, பட்டையின் பெயர் மட்டும் பொதுவழக்கில் நிலைத்தது.

பொருள் விரிவு

16ஆம் நூற்றாண்டில் வெயிலால் மனித உடல் பழுப்பேறுவதைக் குறிக்க இவ்வினை பயன்படத் தொடங்கியது. பட்டைச் சாற்றில் கிடந்த தோலின் நிறமும் வயலில் உழைப்பவரின் மேனி நிறமும் ஒத்திருந்தமையே காரணம். சேக்சுபியரின் ஆம்லெட் நாடகத்தில் வரும் வெட்டியான், தோல் பதனிடுபவரின் பிணம் மற்றவர் பிணத்தைவிட நெடுநாள் அழுகாது என்கிறான். தொழிலே அவர் தோலையும் பதனிட்டு, நீர் புகாதபடி செய்துவிட்டதாம். விலங்கின் தோல், மனிதத் தோல் என்ற இரு பொருள்களும் அக்காலத்திலேயே ஒன்றோடொன்று விளையாடத் தொடங்கிவிட்டதை இது காட்டுகிறது.

17ஆம் நூற்றாண்டில் மேலும் இரு பொருள்கள் சேர்ந்தன. ஒன்று, மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். மற்றொன்று பேச்சு வழக்கில் ஒருவரை நையப் புடைத்தல். தமிழில் 'தோலை உரித்துவிடுவேன்' என்று மிரட்டும் இடத்தில் ஆங்கிலேயர் 'தோலைப் பதனிட்டுவிடுவேன்' என்றனர். பழுப்பு நிறத்தைக் குறிக்கும் டானி என்ற சொல் இதே மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.

வெயிலில் பழுப்பேறிய மேனி ஐரோப்பாவில் நெடுங்காலம் உழைக்கும் ஏழையின் அடையாளமாக இருந்தது. மக்கள் வயலை விட்டு ஆலைக் கூரையின் கீழ் சென்றபின், கடற்கரையில் ஓய்வெடுக்க வசதியுள்ளோரின் அடையாளமாக 1920களில் அது மாறியது. சொல்லின் பொருள் மாறாமல் மதிப்பு மட்டும் தலைகீழானதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இந்தியாவில் இத்தலைகீழ் மாற்றம் நிகழவில்லை. இங்குள்ள அழகு நிலையங்களில் 'டீ-டேன்' என்பது வெயில் ஏற்றிய நிறத்தை நீக்கும் கட்டணப் பூச்சாகும். மாநிறத்தைக் குறையாகக் காணும் பழைய நோக்கு புதிய சொல்லின் துணையோடு தொடர்கிறது.

தனின்

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய போர்களில் படைவீரரின் காலணிகளுக்குத் தோல் பெருமளவில் தேவைப்பட்டது. குழிகளில் மாதக்கணக்கில் தோலை ஊறவைக்க நேரமில்லை. அப்போது வேதியியலாளர் அர்மான் செகுவேன் பட்டையிலிருந்து செறிவான சாறு எடுத்துப் பதனிடும் காலத்தைக் குறைக்கும் முறையை வகுத்தார். பட்டைகளில் பொதுவாக உள்ள துவர்ப்புப் பொருள் இக்காலத்தில் தனின் என்று பெயர் பெற்றது. 1803இல் அம்ப்ரி டேவி இலண்டன் அரச கழகத்துக்கு அளித்த ஆய்வுரையில், பம்பாயிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த காசுக்கட்டியைச் சோதித்து அதில் தனின் மிகுந்துள்ளதைக் காட்டினார். காசுக்கட்டியின் ஆங்கிலப் பெயரான காட்டச்சு மலாய் வழியாக வந்த திராவிடச் சொல் என்று சில அகராதிகள் கூறுகின்றன.

தனின், தோலிலுள்ள கொலாசன் என்னும் புரத இழைகளோடு பிணைந்து, அவை அழுகாமலும் வெந்நீரில் சுருங்காமலும் காக்கிறது. கடுந்தேநீர் குடிக்கும்போது நாக்கு இழுப்பது போன்ற உணர்வும் இத்தகைய பிணைப்பாலேயே உண்டாகிறது. உமிழ்நீரிலுள்ள புரதங்கள் அங்கே தோலின் இடத்தில் இருக்கின்றன.

வட ஆர்க்காட்டில் டேன்

ஓக் மரம் தமிழ்நாட்டுச் சமவெளியில் வளர்வதில்லை. அவ்விடத்தை இங்கு ஆவாரை நிரப்பியது. மஞ்சள் பூப்பூக்கும் இப்புதரின் பட்டை தனின் மிகுந்தது. ஆங்கிலேயர் இதற்கு 'டேனரின் காசியா' என்ற பொருளில் பெயரிட்டனர். ஓக் பட்டையைக் குறித்த சொல், ஓக்கைக் கண்டிராத ஒரு செடியின் பெயரானது இவ்வாறே. (தெலுங்கில் இச்செடி தங்கேடு எனப்படும். ஒலி ஒப்புமை தற்செயலானது.) ஆவாரம் பட்டையோடு கடுக்காயும் பயன்பட்டது. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் மரப்பட்டையும் அதன் சாறும் ஆவாரையின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன.

இங்கு பட்டையில் அரைகுறையாகப் பதனிடப்பட்ட தோல்கள் இலண்டன் சந்தைக்குச் சென்று, அங்கு மறுபடி பதனிடப்பட்டு மெருகேற்றப்பட்டன. அச்சந்தையில் இவை 'ஈசுட்டு இந்தியா டேன்டு', சுருக்கமாக 'ஈ.ஐ.' என அழைக்கப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனி 1858இல் ஆட்சியை இழந்து, 1874இல் கலைக்கப்பட்டது. தோல் வணிகத்தில் மட்டும் அதன் பெயர் அழியவில்லை. 'ஈ.ஐ. லெதர்' தமிழ்நாட்டின் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்றாகும். காலனிய வணிகத்தின் முகவரிச்சீட்டு ஒன்று உள்ளூர் மரபின் சான்றிதழாக மாறியுள்ளது.

இவ்வணிகம் 'டேன்' என்பதன் பொருளில் ஒரு விரிசலையும் ஏற்படுத்தியது. டேன் செய்யப்பட்டது என்றால் முடிந்த பொருள் என்ற கருத்து மறைந்து, அரைப்பதனீடு, மறுபதனீடு, முழுமையாக்கம் எனப் படிநிலைகள் தோன்றின. எந்தப் படி எந்த நாட்டில் நடக்கிறதோ அதைப் பொறுத்தே இலாபம் அமைந்தது. 1972இல் சீத்தாராமையா குழுவின் பரிந்துரைக்குப்பின், அரைப்பதனிட்ட தோல் ஏற்றுமதியை இந்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் காலணி முதலிய பொருள்களையும் ஊக்குவித்தது. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதி காலணி உற்பத்திக்கு மாறியது இக்கொள்கையை ஒட்டியே ஆகும்.

குரோம்: பட்டையில்லாப் பட்டை

1884இல் அமெரிக்காவில் அகசுட்டசு சுல்ட்சு குரோமிய உப்புகளால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1893இல் மார்ட்டின் டென்னிசு அதனை எளிதாக்கினார். பட்டைக் குழியில் வாரக்கணக்கில் நடந்த வேலை, சுழலும் உருளைக்குள் ஏறத்தாழ ஒரு நாளில் முடிந்தது. பட்டையில் பதனிட்ட தோல் ஏறத்தாழ 75 முதல் 85 பாகை செல்சியசில் சுருங்கும். குரோம் தோல் கொதிநீரையும் தாங்கும்.

சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903இல் குரோம் பதனீட்டுச் சோதனைகளைத் தொடங்கினார். பல்லாவரத்தை அடுத்து இயங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயராலேயே குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் வந்தது. 1948இல் அடையாற்றில் நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது.

குரோம் பதனீட்டில் பட்டை இல்லை, ஓக் இல்லை, தனின் இல்லை, பழுப்பு நிறமும் இல்லை. உருளையிலிருந்து எடுக்கப்படும் ஈரத் தோல் வெளிர்நீலமாக இருக்கும். அதனாலேயே அது 'வெட் ப்ளூ' எனப்படுகிறது. ஆயினும் அச்செயலின் பெயர் டேனிங் என்றே நீடித்தது. 'பட்டையிடுதல்' என்பது 'தோலை அழுகாத பொருளாக மாற்றும் எம்முறையும்' என்று விரிந்தது இவ்வாறுதான். முன்பு அடைமொழியின்றி நின்ற பழைய முறைக்கே இப்போது 'வெசிடபிள் டேனிங்' என்று அடைமொழி தேவைப்படுகிறது. குரோமியத்தை வோக்லான் 1797இல் கண்டறிந்தபோது, அதன் சேர்மங்களின் வண்ணங்களைக் கருதியே அப்பெயர் இடப்பட்டது. ஆனால் மூலமான குரோமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு நிறம் என்பதோடு உடலின் மேற்பரப்பு, மேனி என்ற பொருள்களும் உண்டு.

நீதிமன்றத்தில் டேனரி

20ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'டேனரி' என்ற சொல்லுக்குச் சட்டத்துறையில் புதிய நிழல் ஒன்று படிந்தது. பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் கலந்து குடிநீர்க் கிணறுகளும் நிலங்களும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகத்து 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. மாசுபடுத்துபவரே இழப்பைச் செலுத்த வேண்டும் என்பதும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று நீதிமன்றம் அறிவித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டப் பாடநூல்களில் வேலூர் என்ற பெயர் கோட்டையையோ மருத்துவமனையையோ குறிப்பதில்லை, இவ்வழக்கையே குறிக்கிறது. இழப்பீடும் ஆற்றைச் சீரமைத்தலும் முழுமையடையாத நிலையில், 2025 சனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விரிவான ஆணைகளைப் பிறப்பித்தது.

இதனால் குரோம் கெட்டது, பட்டை நல்லது என்ற எளிய முடிவுக்கு வருவோர் உண்டு. அது சரியன்று. நிலத்தடி நீர் உவர்ப்பானதற்குப் பச்சைத் தோல் அழுகாதிருக்க இடப்படும் சாதாரண உப்பு ஒரு முதன்மைக் காரணம். எம்முறையில் பதனிட்டாலும் அவ்வுப்பு முதல் ஊறவைப்பிலேயே நீரில் இறங்கிவிடுகிறது. பட்டைச் சாற்றுக் கழிவும் நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சக்கூடியதே. குரோமியத்திலும், பதனீட்டில் பயன்படும் மூவிணைதிற வடிவத்தைவிட அறுவிணைதிற வடிவமே மிகுந்த நச்சுடையது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் தோற்பொருள்களில் அறுவிணைதிறக் குரோமியத்தைக் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ் வரையறுத்துள்ளது.

தமிழ் இணைச்சொற்கள்

பதனிடுதல் என்ற தமிழ்ச் சொல் பதன், அதாவது தக்க நிலை, என்பதன் அடியாகப் பிறந்தது. ஆங்கிலச் சொல் எதனால் செய்யப்படுகிறது என்பதைக் கூற, தமிழ்ச் சொல் எந்நிலைக்குக் கொண்டுவரப்படுகிறது என்பதைக் கூறுகிறது. எனவே குரோம் வந்தபோது 'பதனிடுதல்' தன் பொருளை நீட்ட வேண்டியிருக்கவில்லை. மேலே கண்ட 'டா' என்ற வழக்கொழிந்த ஆங்கிலச் சொல்லே இதற்கு நேர் இணையாகும்.

'டேன்' என்பதன் பட்டை, நிறம் என்ற இரட்டைப் பொருளுக்கு இணை தேடினால், தமிழில் துவர் என்ற சொல் கிடைக்கிறது. அது துவர்ப்புச் சுவையையும் செந்நிறத்தையும் ஒருங்கே குறிக்கும். துறவியர் அணியும் காவியுடை துவராடை எனப்பட்டது. துவர்ப்புடைய பட்டைகளும் காய்களும் தோலுக்கும் துணிக்கும் நிறமேற்றப் பயன்பட்டமையால், சுவையும் நிறமும் ஒரு சொல்லில் சேர்வது இயல்பே. எனினும் துவர் என்பது தோல் தொழிலின் பெயராகத் தமிழில் நிலைபெறவில்லை. தனின் என்பதற்குத் 'துவர்ப்பி' போன்ற ஆக்கங்கள் முன்வைக்கப்படினும், தொழிலாளர் வழக்கில் பட்டை, கடுக்காய், வாட்டில், குரோம் என்று பொருள்களின் பெயர்களே வழங்குகின்றன.

இவற்றையும் பார்க்க

ஆவாரை
கடுக்காய்
தோல் பதனிடுதல்
பாலாறு
குரோம்பேட்டை